பழுதும் மாற்றும்: சிவகாசி இயந்திரங்களைப் பற்றிச் சில குறிப்புகள்

சிவகாசியின் தொழில் வரலாற்றைச் சொல்பவர்கள் வழக்கமாக ஒரு பயணத்திலிருந்துதான் தொடங்குவார்கள். 1922ஆம் ஆண்டு அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு சில மாதங்களில் ஊர் திரும்பினார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களை வரவழைத்து 1923இல் உற்பத்தியைத் தொடங்கினார்கள். 1926இல் இருவரும் தனித்தனியே தொழில் நடத்த முற்பட, அணில், காக்கா என்ற இரு சின்னங்கள் பிறந்தன. மழை பொய்க்கும் கரிசல் பூமியில் ஒரு தொழில் நகரம் எழுந்தது.

இந்தக் கதையில் துணிவு இருக்கிறது, வறட்சி இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. ஆனால் ஜெர்மன் இயந்திரம் மட்டும் இரண்டாவது வரியோடு மறைந்துவிடுகிறது. இயந்திரத்தோடு தொடங்கிய ஊரில் தீப்பெட்டி கைத்தொழிலாக வளர்ந்தது என்பது விசித்திரமான செய்தி. அதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

தொழில்நுட்ப வரலாறு என்றால் கண்டுபிடிப்புகளின் வரலாறு என்றே நாம் பழகிவிட்டோம். பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் டேவிட் எட்ஜர்ட்டன் 2006இல் வெளியிட்ட ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ என்ற நூலில் இந்தப் பழக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கினார். புதிதாக வந்தது எது என்று கேட்பதற்குப் பதிலாக, மக்கள் கையில் புழங்கியது எது, அதைப் பராமரித்தவர்கள் யார் என்று கேட்கச் சொன்னார். அந்தக் கேள்வியைச் சிவகாசியிடம் கேட்டுப் பார்க்கலாம். ஓர் இயந்திரம் பழையதானால் அதைப் பழுது பார்ப்பதா, மாற்றுவதா? நூறு ஆண்டுகளில் அந்த ஊர் இதற்கு ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

*

முதல் பதில், இயந்திரத்தையே ஒதுக்கிவைப்பது.

தீக்குச்சி செய்வதில் முழு இயந்திரமயம் என்பது அப்போதே பழைய செய்தி. ஸ்வீடனின் யான்ஷோப்பிங் நகரில் அலெக்ஸாண்டர் லாகர்மன் என்ற பொறியாளர், குச்சியை ஒரு முனையில் வாங்கி மறுமுனையில் நிரம்பிய பெட்டியைத் தரும் இயந்திரத்தை 1892இல் அமைத்துவிட்டார். அந்த ஸ்வீடன் தொழிலின் கிளையாகத்தான் விம்கோ நிறுவனம் இந்தியாவுக்கு வந்தது. அது தொடங்கப்பட்டதும் அதே 1923இல். சென்னைத் திருவொற்றியூர் உட்படப் பல இடங்களில் அதன் பெரிய ஆலைகள் எழுந்தன. அந்த இயந்திரங்களோடு சிவகாசி இயந்திரத்தைக் கொண்டு போட்டியிடவில்லை. மரச்சட்டம், பசைக் கிண்ணம், மருந்துத் தட்டு, வீட்டுத் திண்ணை ஆகியவற்றைக் கொண்டு போட்டியிட்டது. குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் கிராமத்து வீடுகளுக்குள் சென்றன.

இதற்கு வரிச்சட்டமும் துணை நின்றது. 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரி வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, சிறிய அளவில் கையால் செய்பவருக்குக் குறைந்த வரி, இயந்திரத்தில் செய்பவருக்குக் கூடுதல் வரி என்ற ஏற்பாடு நிலைபெற்றது. 2000களின் கலால் விலக்கு அறிவிக்கைகளைப் படித்தால் இது எவ்வளவு நுட்பமாக வரையறுக்கப்பட்டிருந்தது என்பது புரியும். சட்டத்தில் குச்சி அடுக்குதல், மருந்தில் முக்குதல், பெட்டியில் குச்சி அடைத்தல், லேபிள் ஒட்டுதல், சிப்பமிடுதல் ஆகிய ஐந்து வேலைகளில் எதற்கும் மின்விசை பயன்படாதிருந்தால்தான் விலக்கு. ஒரு மோட்டார் வாங்குவது என்பது வரிவிகிதத்தையே மாற்றும் முடிவாக இருந்தது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோதும் கைத்தயாரிப்புக்கு 5 சதவீதம், மற்றவற்றுக்கு 18 சதவீதம் என்று இந்தப் பிரிவு தொடர்ந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டும் 12 சதவீதம் என்று ஒன்றாக்கப்பட்டன. கைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே பல பத்தாண்டுகளாக அரசு எழுப்பியிருந்த சுவர் அன்றோடு விழுந்தது.

இந்த முதல் பதிலுக்கு வேறொரு விலையும் இருந்தது. ஒதுக்கிவைக்கப்பட்ட இயந்திரத்தின் இடத்தில் உட்கார்ந்தவர்களில் பலர் குழந்தைகள். சலம் பென்னூர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படம் 1990இல் அதை உலகுக்குக் காட்டியது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று அளித்த தீர்ப்பு, சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. அந்த வழக்கின் தொடக்கம் சிவகாசிதான். ‘இயந்திரம் வேண்டாம், கை போதும்’ என்ற முடிவை மனிதநேயத்தின் பக்கம் மட்டுமே வைத்துப் பேச முடியாது என்பதற்காக இதை இங்கே நினைவுபடுத்துகிறேன்.

*

இரண்டாவது பதில் அச்சகங்களிலிருந்து வந்தது.

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பட்டாசுக்கும் லேபிள் வேண்டும். அந்தத் தேவையிலிருந்து கல்லச்சும், பின்னர் ஆஃப்செட்டும் ஊருக்குள் வந்தன. லேபிளிலிருந்து காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று தொழில் விரிந்தது. அச்சு இயந்திரம் தீப்பெட்டி இயந்திரத்தைப் போல ஒதுக்கிவைக்கக் கூடியதல்ல. நாலு வண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மயிரிழை பிசகாமல் பதிப்பதை எந்தக் கையாலும் செய்ய முடியாது. ஆகவே இயந்திரத்தை வைத்திருந்துதான் ஆகவேண்டும். வைத்திருப்பது என்றால் அந்தக் காலத்தில் பழுது பார்த்துக்கொண்டே இருப்பது என்று பொருள்.

அந்தக் காலம் என்று நான் சொல்வது இறக்குமதி உரிமங்களின் காலம். 1991க்கு முன்பு வெளிநாட்டு இயந்திரம் வாங்க அரசின் அனுமதி வேண்டும், அந்நியச் செலாவணி வேண்டும், பொறுமை வேண்டும். உதிரிபாகத்துக்கும் இதே நிலை. 1966இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டபோது டாலர் ஒன்றுக்கு 4.76 ரூபாயாக இருந்தது 7.50 ரூபாயானது. முந்தைய நாள் வாங்க முடிந்த பற்சக்கரம் மறுநாள் எட்டாத விலைக்குப் போனது. உடைந்த பல்லைப் பற்றவைத்து, லேத்தில் கடைந்து, அரத்தால் சீவிப் பொருத்துகிறவர் அச்சகத்தின் உயிர்நாடியானது இந்தச் சூழலில்தான்.

இதில் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. உடைந்த பற்சக்கரம் தன் வரைபடத்தைத் தன்னிடமே வைத்திருக்கிறது. பல்லை எண்ணலாம், விட்டத்தை அளக்கலாம், எதிர்ச்சக்கரத்தைப் பார்த்து வடிவத்தை ஊகிக்கலாம். தேய்ந்த புஷ்ஷும் கிழிந்த ரோலரும் அப்படித்தான். ஜெர்மானியத் தொழிற்சாலை ஒரு தாள்கூடத் தராவிட்டாலும், கூர்ந்து பார்க்கத் தெரிந்தவருக்கு இயந்திரமே ஆசிரியர். பழுதைக் காதாலேயே அறிந்துவிடும் மெக்கானிக்குகளைப் பற்றி அச்சகம் நடத்துபவர்கள் சொல்லும் கதைகளில் மிகை இருக்கலாம், பொய் இல்லை. தேய்ந்த பேரிங் உண்மையிலேயே வேறு சத்தம் எழுப்பும்.

பழைய மின்கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் இந்த வகையைச் சேர்ந்தவைதான். ரிலே என்பது காந்தத்தால் இழுபடும் சிறு சுவிட்ச். அது இயங்கும்போது ‘டக்’ என்று கேட்கும். முனை கருகியிருந்தால் கண்ணுக்குத் தெரியும். உப்புத்தாளால் தேய்த்தால் மீண்டும் சில மாதம் ஓடும். கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே போகலாம். மெக்கானிக்கும் எலக்ட்ரீஷியனும் ஒரே மொழியில் பேசிக்கொள்ள முடிந்த காலம் அது.

*

1968இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனம், ஆண்டுதோறும் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பெட்டிகளைப் பிரித்துக் கட்டுவதில் சலித்துப்போய், மாற்றி எழுதக்கூடிய ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வேண்டுமென்று கேட்டது. டிக் மோர்லியும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய மோடிகான் 084 அப்படித்தான் வந்தது. பின்னர் பிஎல்சி என்று உலகெங்கும் அழைக்கப்பட்ட கருவியின் மூதாதை அது. ஜெர்மனியின் சீமென்ஸ் 1979இல் எஸ்5 வரிசையைக் கொண்டுவந்தது. அச்சு உலகத்திலும் அதே அலை. ஹைடல்பர்க் நிறுவனம் 1974இல் ஸ்பீட்மாஸ்டர் வரிசையையும், 1977இல் மையை மேசையிலிருந்தே கட்டுப்படுத்தும் சிபிசி அமைப்பையும் அறிமுகம் செய்தது. அதுவரை அச்சர் இயந்திரத்தின் பக்கத்தில் குனிந்து நின்று ஒவ்வொரு மைத்திருகையும் கையால் திருகிக்கொண்டிருந்தார். இனி மேசையில் பொத்தானைத் தொட்டால் சிறு மோட்டார் அதைத் திருகும். திருகு எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தி கம்பி வழியாகத் திரும்பி வரும்.

இங்கேதான் பழுதின் இயல்பு மாறியது. மின்னணு அட்டைக்கு முதுமை வேறு விதமாக வருகிறது. அதிலுள்ள மின்பகு கெப்பாசிட்டர்கள் வெப்பத்தில் மெல்ல உலர்ந்துபோகின்றன. ஈயப்பற்றில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுகிறது. அச்சிட்ட தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கத் தூவும் மாவும் காகிதத் தூசியும் அட்டைமேல் படிந்து ஈரத்தை இழுக்கின்றன. சிவகாசியின் சித்திரை வெயிலுக்கு அந்த அட்டை வடிவமைக்கப்படவில்லை. 2012இல் தமிழகத்தை வாட்டிய நீண்ட மின்வெட்டுகளுக்கும், ஜெனரேட்டர் ஏறி இறங்கும்போது எழும் மின்னழுத்தத் துள்ளல்களுக்கும் வடிவமைக்கப்படவில்லை.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது, அட்டையில் இருப்பது பொருள் மட்டுமல்ல என்பது. நிரலும் இருக்கிறது. பல பழைய கருவிகளில் அந்த நிரல் ஒரு சிறு மின்கலத்தின் தயவில்தான் நினைவகத்தில் தங்கியிருக்கும். மின்கலம் தீர்ந்த நிலையில் மின்சாரமும் நின்றால் நிரல் அழிந்துபோகும். அழிந்த பிறகு அட்டையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது எதையும் சொல்லாது. பற்சக்கரம் உடைந்தபின்னும் தன் வடிவத்தைச் சொன்னது. நிரல் தன்னைப் பற்றி ஒன்றையும் விட்டுவைப்பதில்லை.

*

இந்த மாற்றத்தைச் சிவகாசி முழுமையாக உணர்ந்தது 2004க்குப் பிறகு என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் அறிவிக்கப்பட்ட ஐந்தாண்டு அயல்வணிகக் கொள்கை, பழைய இயந்திரங்களை வயது வரம்பின்றி இறக்குமதி செய்யலாம் என்று அனுமதித்தது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அச்சுச் சந்தை சுருங்கத் தொடங்கியிருந்தது. அங்கே கழித்துக்கட்டப்பட்ட நாலு வண்ண, ஐந்து வண்ண இயந்திரங்கள் இங்கே புது வாழ்வைத் தொடங்கின. புதியதன் விலையில் சிறு பங்குக்குக் கிடைத்தவை அவை. அவற்றின் இரும்பு இன்னும் முப்பது ஆண்டு ஓடும். அட்டைகளோ தம் ஆயுளின் இறுதியில் இருந்தன.

நாம் ‘பழைய இயந்திரம்’ என்று ஒரே சொல்லால் குறிப்பிடுவது உண்மையில் இரண்டு வயதுகளைக் கொண்ட ஒன்று. சிலிண்டருக்கு ஒரு வயது, மூளைக்கு வேறொரு வயது. மாற்றுவதா, பழுது பார்ப்பதா என்ற வாதத்தில் பெரும்பாலான குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருகிறது.

அட்டை நின்றுபோனால் நாலு வழிகள் உண்டு. முதலாவது, உறுப்பு உறுப்பாகச் சோதித்துக் கெட்டதை மாற்றுவது. இரண்டாவது, உடைப்புக்கு வந்த இதே மாதிரி இயந்திரத்திலிருந்து அட்டையைக் கழற்றி வைப்பது. அந்த அட்டைக்கும் இதே வயதுதான் என்பதை மறக்கக் கூடாது. மூன்றாவது, இரும்பை வைத்துக்கொண்டு மூளையை மட்டும் மாற்றுவது: இன்றைய பிஎல்சியும் இன்றைய மோட்டார் டிரைவும் போட்டு, நிரலைப் புதிதாக எழுதுவது. நான்காவது, மொத்தமாகக் கழித்துவிட்டு வேறு வாங்குவது.

நிதானமாகச் சிந்தித்தால் பல இடங்களில் மூன்றாவது வழியே சிறந்தது. ஆனால் முடிவெடுக்கும் நேரம் நிதானமானதாக இருப்பதில்லை. சிவகாசி அச்சகங்கள் ஆடிப்பெருக்கன்று புதிய ஆண்டின் காலண்டர் மாதிரிகளை வெளியிடுவது வழக்கம். அன்று தொடங்கும் ஓட்டம் மார்கழி வரை ஓயாது. அட்டை நின்றுபோவதும் பெரும்பாலும் இயந்திரம் ஓயாமல் ஓடும் அந்த மாதங்களில்தான். தை பிறந்தபின் வந்து சேரும் காலண்டரை வாங்குவார் இல்லை. எனவே இரவோடு இரவாக எதையாவது செய்து ஓட்டத்தைத் தொடர வேண்டும். தை பிறந்ததும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். ஓடும் இயந்திரத்தில் யார் செலவு செய்வார்கள்? கேள்வி அடுத்த ஆடிக்குத் தள்ளிப்போகும். பழுது பார்ப்பது என்ற பெயரில் நடப்பது பல சமயங்களில் முடிவைத் தள்ளிப்போடுவதுதான்.

*

இதில் உயிர்போகும் விஷயம் ஒன்று இருக்கிறது.

அச்சு இயந்திரத்தின் இரண்டு சிலிண்டர்கள் உள்நோக்கிச் சுழலும் இடம் விரலை இழுத்துக்கொள்ளக் கூடியது. அதனால் அங்கே ஒரு மூடி இருக்கும், மூடி திறந்தால் இயந்திரத்தை நிறுத்தும் ஒரு சுவிட்ச் இருக்கும். காகிதம் வெட்டும் இயந்திரத்தில் இரண்டு கையாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால்தான் கத்தி இறங்கும். முன்னால் ஓர் ஒளித்திரை கை குறுக்கே வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். ஆபத்தான பாகங்களுக்கு வேலியிட வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. இந்தச் சுவிட்சும் ஒளித்திரையும் கட்டுப்பாட்டு அட்டையின் பகுதிகள். அட்டையோடு இவையும் முதுமையடைகின்றன. ஒளித்திரை கெட்டால் இயந்திரம் நின்றுவிடும். அதன் விலை அதிகம், வந்து சேர வாரங்களாகும். அப்போது இரண்டு முனைகளை ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டால் இயந்திரம் ஓடும். ‘கை இல்லை’ என்று அது எப்போதும் நம்பிக்கொண்டிருக்கும். நாட்டின் எந்தத் தொழில்நகரத்திலும் நடக்கக்கூடிய காரியம் இது. செய்பவர் கெட்டவர் அல்லர். அவசரத்தில் இருப்பவர்.

ஆனால் இதைப் பழுது பார்த்தல் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை. பல்லைப் பற்றவைத்த மெக்கானிக் இயந்திரத்துக்கு அதன் பழைய வேலையைத் திருப்பித் தந்தார். துண்டுக் கம்பி அதன் வேலைகளில் ஒன்றைக் களவாடிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ‘ஓடவைத்தல்’தான்.

இந்த வேறுபாட்டை உணர விருதுநகர் மாவட்டத்துக்கு வெளியிலிருந்து யாரும் வந்து பாடம் எடுக்கத் தேவையில்லை. பட்டாசு ஆலையின் மருந்து அறைகளில் பாதுகாப்பு என்பது மின்னணுவை நம்பியிருக்கவில்லை. ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து, அடுத்த அறை எவ்வளவு தொலைவு, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்ற எண்களில் இருக்கிறது. அந்த எண்களைக் கொஞ்சம் தளர்த்தினாலும் வேலை ஓடும். நேற்றுவரை ஓடியதைப் போலவே ஓடும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த வட்டாரத்தில் ‘ஓடுகிறதே, போதாதா’ என்ற சொல்லுக்கு என்ன விலை என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த அறிவைப் பக்கத்துத் தெருவிலிருக்கும் அச்சகத்துக்கும் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம்.

*

பழுது பார்ப்பதற்கு எதிராக நான் எழுதவில்லை. ஒரு பொருளை அதன் ஆயுள் முழுதும் வாழவைப்பதில் ஒரு நாகரிகம் இருக்கிறது. அதைச் சிவகாசியின் பட்டறைகள் நெடுங்காலம் காத்தன. இன்று அது குலைவதற்குக் காரணம் மெக்கானிக்கின் திறமைக் குறைவு அன்று. அறிவு அவர் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. மின்சுற்று வரைபடம் தயாரிப்பாளரிடம். நிரல் கடவுச்சொல்லுக்குப் பின்னால். தயாரிப்பாளரோ நிரந்தரமானவர் அல்லர். ஜெர்மனியின் பெரிய அச்சு இயந்திர நிறுவனங்களில் ஒன்றான மான்ரோலண்ட் 2011 நவம்பரில் திவால் மனு கொடுத்தது. இயந்திரம் அதைச் செய்தவரைவிட நீண்ட நாள் வாழக்கூடும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பழுது பார்க்கும் உரிமை என்ற கோரிக்கை உலகெங்கும் எழுந்திருப்பது இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதற்கென ஒரு நெறிமுறையை நிறைவேற்றியது. இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ஒரு குழுவை அமைத்தது. அது கவனத்தில் எடுத்துக்கொண்டவை நான்கு துறைகள்: வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள். டிராக்டர் வைத்திருக்கும் உழவருக்கு உள்ள நியாயம் அச்சு இயந்திரம் வைத்திருக்கும் சிறு தொழில்முனைவோருக்கும் உண்டு. அவர் அந்தப் பட்டியலில் இல்லை.

சட்டம் வரும்வரை ஊரிலேயே செய்யக்கூடியவை சில உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே நிரலைப் பிரதியெடுத்து வைப்பது. மின்கலத்தைத் தேதி குறித்து மாற்றுவது. எந்த ரிலே எதற்கு என்பதை ஒரு நோட்டில் எழுதிவைப்பது. நோட்டுப் புத்தகம் அச்சிட்டே வாழும் ஊரில் இந்த ஒரு நோட்டு இல்லாமலிருப்பது வேடிக்கை. தேர்ந்த மெக்கானிக் ஒருவர் இறக்கும்போது அவரோடு இயந்திரங்கள் சிலவும் இறந்துபோகின்றன. அவற்றின் இரும்பு மட்டும் அடுத்த பழுதுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

வரலாறு எழுதுபவர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. கல்கத்தா சென்ற இருவரின் பெயர் நமக்குத் தெரியும். அது தெரிய வேண்டியதுதான். ஆனால் 1923இன் ஜெர்மன் இயந்திரத்தில் முதல் திருகாணி கழன்று விழுந்தபோது அதை எடுத்து முறுக்கிய கையும் அந்த வரலாற்றில் இருந்தது. அதன் வழித்தோன்றல்களாக இன்று லேத் பட்டறைகளிலும் அட்டை பழுது பார்க்கும் சிறு கடைகளிலும் உட்கார்ந்திருப்பவர்களிடம் யாராவது ஒரு நோட்டோடு போய் உட்கார வேண்டும். ஆடிக்கு முன்னால் போவது நல்லது. அதன்பிறகு அவர்களுக்குப் பேச நேரமிருக்காது.